வெற்றி நாளில் விழுந்த வாலிபர்

1971-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 16-ந் தேதி, வியாழக்கிழமை.

அன்று மாலை டாக்கா மைதானத்தில் ஒரு மேஜை போட்டார்கள். பாகிஸ்தான் தளபதி நியாஜி, சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நமது தளபதி ஜக்ஜித் சிங் அரோரா உட்கார்ந்திருந்தார். 93 ஆயிரம் பேர் நம்மிடம் கைதிகள் ஆனார்கள். வங்காளதேசம் என்ற புதிய நாடு பிறந்தது. இந்தியா முழுவதும் ஒரே கொண்டாட்டம்.

அந்த மேஜை போடப்படுவதற்குச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு, அங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் மைலுக்கு அப்பால், மேற்கு எல்லையில் ஒரு டாங்கி தீப்பிடித்து நின்றது. அதற்குள் ஒரு வாலிபர் இறந்து கிடந்தார்.

அவர் பெயர் அருண் கேத்தர்பால். வயது 21. பட்டாளத்தில் அதிகாரியாகி ஆறே மாதம்.

டாக்காவில் கையெழுத்து ஆனது எல்லோருக்கும் தெரியும். ஆண்டுதோறும் டிசம்பர் 16-ந் தேதியை "வெற்றித் திருநாள்" என்று கொண்டாடுகிறோம். ஆனால் அதே நாள் ஒரு தாய்க்கு மகனின் திதி. இந்த இரண்டையும் ஒரே நாளில் எப்படி நினைப்பது? இதுதான் கேள்வி.

சினிமா கிளப்பிய பேச்சு

இப்போது இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம்.

அருணின் கதை "இக்கீஸ்" என்ற பெயரில் இந்திப் படமாக 2026-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி வெளிவந்தது. "இக்கீஸ்" என்றால் இருபத்தி ஒன்று. அருணின் வயதுதான் படத்தின் பெயர். ஸ்ரீராம் ராகவன் டைரக்ட் செய்த படம். அருணின் தகப்பனாராக நடித்தவர் பழம்பெரும் நடிகர் தர்மேந்திரா. படம் திரைக்கு வருவதற்கு முன்பே, 2025 நவம்பரில் அவர் காலமாகிவிட்டார்.

மகன் டாங்கியில் சண்டை போட்டது கதையில் ஒரு பாதிதான். மறு பாதி, முப்பது ஆண்டு கழித்துத் தகப்பனார் பாகிஸ்தானுக்குப் போய் வந்தது. அந்த மறு பாதியைக் கேட்டால் கல் நெஞ்சும் கரையும். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மகனைப் பற்றி.

பையில் என்ன இருந்தது?

அருண் 1950-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி பூனாவில் பிறந்தார். பட்டாளத்துக் குடும்பம். தாத்தா முதல் உலக யுத்தத்தில் சண்டை போட்டவர். தகப்பனார் எம்.எல்.கேத்தர்பால், ராணுவ என்ஜினீயர் படையில் பிரிகேடியர் பதவி வரை உயர்ந்தவர்.

சனாவர் என்ற மலை ஊரில் லாரன்ஸ் பள்ளிக்கூடத்தில் அருண் படித்தார். 1967-ல் ராணுவப் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1971 ஜூன் 13-ந் தேதி "பூனா ஹார்ஸ்" என்ற டாங்கிப் படையில் செகண்டு லெப்டினெண்டு ஆனார். அதிகாரிகளில் அதுதான் அடிப்படி.

பெயரில் "ஹார்ஸ்" என்று இருக்கிறதே, குதிரையா என்று கேட்காதீர்கள். ஒரு காலத்தில் குதிரைப்படை. பிறகு குதிரை போய் டாங்கி வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. 1965 யுத்தத்தில் இதே படையின் தளபதி தாராபூர், இதே எல்லைப் பக்கம் போரிட்டு மடிந்து, பரம வீர சக்கரம் பெற்றவர். அப்படிப்பட்ட படையில்தான் இந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்தார்.

யுத்தம் வரப் போகிறது என்று தெரிந்தபோது அருண் அகமத்நகரில் பயிற்சி வகுப்பில் இருந்தார். வகுப்பைப் பாதியில் நிறுத்தி, எல்லோரையும் எல்லைக்குப் போகச் சொன்னார்கள். போகும் வழியில் டெல்லியில் வீட்டுக்கு வந்தார்.

அப்போது அவர் மூட்டையில் இரண்டு சாமான் இருந்தன. ஒன்று, கோல்ப் விளையாடும் மட்டைகள். இன்னொன்று, விருந்துக்கு உடுத்தும் நீலநிற உடுப்பு. யுத்தத்துக்குப் போகிறவனுக்கு இது எதற்கு என்று கேட்டார்கள். "லாகூரில் கோல்ப் ஆடப் போகிறேன். ஜெயித்த பிறகு விருந்து நடக்கும். அதற்கு உடுப்பு வேண்டாமா?" என்ற தோரணையில் பதில் சொன்னாராம்.

இதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. கூடவே நெஞ்சு அடைக்கிறது. நம் வீட்டிலும் 21 வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றைக்கும் அவர்கள் பேச்சு இப்படித்தான் இருக்கிறது.

"கோழையாகத் திரும்பி வராதே" என்று சொல்லித் தாயார் வழி அனுப்பினார் என்பார்கள். சொல்லியிருக்கலாம், பட்டாளத்து வீட்டு அம்மா. ஆனால் அந்த வாசகத்தை மட்டும் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவது எனக்குப் பிடிப்பதில்லை. மகன் திரும்பி வருவான் என்று அந்தத் தாய் எப்படிக் காத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எதற்காக அந்தச் சண்டை?

சண்டை நடந்த இடத்தைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விளக்கம் தேவை.

பஞ்சாபில் பதான்கோட்டு என்று ஓர் ஊர். அங்கிருந்து ஜம்முவுக்கு ஒரு ரஸ்தா போகிறது. அந்தக் காலத்தில் காஷ்மீரில் இருந்த நமது சேனைக்குச் சாப்பாடு, குண்டு, மருந்து எல்லாம் போக வேண்டிய உயிர்நாடி அதுதான். அந்த ரஸ்தாவுக்குப் பக்கத்தில் பாகிஸ்தான் எல்லை, யானையின் மத்தகம் போல நம் பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பகுதிக்கு ஷகர்கர் என்று பெயர். அங்கிருந்து எதிரி ஒரு முட்டு முட்டினால் ரஸ்தா துண்டாகிவிடும். காஷ்மீர் தனியாகிவிடும்.

அதனால் நமது சேனை முந்திக்கொண்டு உள்ளே போனது. பசந்தர் என்ற ஆற்றைத் தாண்டி அக்கரையில் கால் ஊன்ற வேண்டும். டிசம்பர் 15-ந் தேதி இரவு காலாட்படை ஆற்றைக் கடந்தது. கடந்தவர்களில் 16-வது மெட்ராஸ் பட்டாளமும் ஒன்று. மெட்ராஸ் ரெஜிமெண்டு என்றால் நமது தென்னாட்டுப் பிள்ளைகள் சேரும் படை. மறுநாட்களில் நடந்த சண்டையில் அதன் தளபதி வி.பி.கய் உயிர் துறந்தார்.

காலாட்படை கடந்துவிட்டது. டாங்கி கடந்தால்தான் பலம். ஆனால் வழி நெடுகக் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். என்ஜினீயர் படையினர் பாதி தூரம்தான் வெடிகளை எடுத்திருந்தார்கள். அதற்குள் எதிரி டாங்கிகள் உறுமும் சத்தம் கேட்டது. காத்திருந்தால் அக்கரையில் இருப்பவர்கள் செத்தார்கள். பூனா ஹார்ஸ் தளபதி ஹனுத் சிங் துணிந்துவிட்டார். வெடி எடுக்காத நிலத்திலேயே இரவோடு இரவாக டாங்கிகள் அக்கரை சேர்ந்தன.

"பீரங்கி இன்னும் சுடுகிறது"

பொழுது விடிந்தது. 16-ந் தேதி காலை 8 மணிக்கு, புகைக்குண்டு போட்டு மறைத்துக்கொண்டு, பாகிஸ்தானின் 13-வது லான்சர்ஸ் படை பாய்ந்தது. அவர்களிடம் அமெரிக்காவின் பேட்டன் டாங்கிகள். நம்மிடம் பிரிட்டனின் செஞ்சூரியன் டாங்கிகள். பேட்டன் புதிது, செஞ்சூரியன் பழசு.

ஜர்பால் கிராமத்துப் பக்கம் இருந்த நம்மவர்கள், "உதவி வேண்டும்" என்று ஒயர்லெசில் கேட்டார்கள். அருண் வேறொரு பிரிவில் இருந்தார். செய்தி காதில் விழுந்ததும் தன்னிடம் இருந்த டாங்கிகளுடன் புறப்பட்டார். போகும் வழியிலேயே எதிரியின் பீரங்கிக் குழிகள். அவற்றை மோதி அடக்கினார். கூட வந்த ஒரு டாங்கியின் தலைவர் அங்கேயே பலியானார்.

பிறகு நடந்தது நேருக்கு நேர் யுத்தம். நம் பக்கம் முன்னால் நின்றவை மூன்றே டாங்கிகள். ஒன்றில் மல்கோத்ரா, ஒன்றில் அலாவத், ஒன்றில் அருண். எதிரியின் பத்து டாங்கிகள் நாசமாயின. அவற்றில் நாலு, அருண் அடித்தவை.

மல்கோத்ராவின் பீரங்கி பழுதாகிச் சுட முடியாமல் போயிற்று. அலாவத் காயம் பட்டார். மிச்சம் அருண் ஒருவர்தான். அவருடைய டாங்கியும் அடிபட்டுத் தீப்பிடித்தது.

"டாங்கியை விட்டு இறங்கு" என்று மேலதிகாரி ஒயர்லெசில் உத்தரவு போட்டார். "இறங்க மாட்டேன். என் பீரங்கி இன்னும் சுடுகிறது" என்று அருண் சொல்லிவிட்டார். இது ராணுவத்தில் இன்றும் சொல்லப்படும் பதில்.

ஏன் இறங்கவில்லை? வீம்பா? இல்லை. அவர் இறங்கியிருந்தால் அந்த இடத்தில் எதிரியைத் தடுக்க வேறு டாங்கி இல்லை. அவருக்குப் பின்னால் காலாட்படை வெட்டவெளியில் கிடந்தது. இதை அவர் அறிவார்.

கடைசியாக ஒரு பேட்டன் டாங்கி கூப்பிடு தூரத்தில் வந்து நின்றது. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் சுட்டார்கள். இரண்டும் அடிபட்டன. பாகிஸ்தான் அதிகாரி வெளியே குதித்து உயிர் தப்பினார். அருண் தப்பவில்லை.

அருண் அங்கே மடிந்தார். எதிரி அந்த வழியாக வர முடியவில்லை. அந்தச் சண்டை முழுவதிலும் பாகிஸ்தான் நாற்பதுக்கு மேற்பட்ட டாங்கிகளை இழந்தது என்பது நமது ராணுவத்தின் கணக்கு. மறுநாள் 17-ந் தேதி இரவு 8 மணிக்கு யுத்தம் நின்றுவிட்டது. இன்னும் ஒன்றரை நாள் உயிரோடு இருந்திருந்தால் பிள்ளை வீடு திரும்பியிருப்பார்.

டாங்கியில் இன்னொருவர்

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டாங்கிக்குள் ஒருவர் மட்டும் இருப்பதில்லை. ஓட்டுகிறவர், சுடுகிறவர், குண்டு நிரப்புகிறவர், தலைவர் என்று நாலு பேர். அருணின் டாங்கியில் இருந்த நந்த் சிங் என்ற சிப்பாயும் அன்றைக்கு இறந்து போனார். படத்தின் பெயர் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு நந்த் சிங் பெயர் தெரியும்? எனக்கே இதை எழுத உட்காரும் வரை தெரியாது.

1971 யுத்தத்தில் இந்தியா பறிகொடுத்தது சுமார் 3,800 பேர். பரம வீர சக்கரம் பெற்றவர்கள் நாலு பேர். அவர்களில் ஹோஷியார் சிங் ஒருவர்தான் பதக்கத்தை உயிரோடு வாங்கியவர். அவரும் இதே பசந்தர் சண்டையில் நின்றவர். மற்ற ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு வந்தது ஒரு தந்தி.

டெல்லியில் இந்தியா கேட் அருகே 2019 பிப்ரவரி 25-ந் தேதி தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் மடிந்த 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயரைக் கல்லில் ஒவ்வொன்றாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதிகாரி பெயரும் சிப்பாய் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கின்றன. சுதந்திரம் கிடைத்து 70 ஆண்டுக்கு மேல் கழித்து வந்த காரியம். தாமதம்தான். ஆனாலும் நல்ல காரியம். டெல்லிக்குப் போகிறவர்கள் குழந்தைகளை அங்கே அழைத்துப் போக வேண்டும். நின்று பத்துப் பெயரையாவது வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் சரி.

2023 ஜனவரி 23-ந் தேதி அந்தமானில் 21 தீவுகளுக்குப் பரம வீர சக்கரம் பெற்ற 21 பேரின் பெயரை வைத்தார்கள். அதில் அருண் பெயரில் ஒரு தீவு. இலங்கையில் 1987-ல் உயிர் துறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயரிலும் ஒரு தீவு உண்டு.

துடைத்து வைத்த மோட்டார் சைக்கிள்

யுத்தம் முடிந்தது. ஆனால் டெல்லியில் இருந்த குடும்பத்துக்கு விஷயம் தெரியாது. சம்பா என்ற இடத்தின் அருகே அருணின் உடலைப் பட்டாளத்தார் தகனம் செய்துவிட்டார்கள். வீட்டிலோ, மகன் லீவில் வருவான் என்று அறையைச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள். அவருடைய மோட்டார் சைக்கிளையும் பழுது பார்த்துத் தயாராக நிறுத்தியிருந்தார்களாம்.

பிறகுதான் தந்தி வந்தது.

அந்தச் சில நாட்களை நினைத்துப் பாருங்கள். தெருவெல்லாம் வெற்றிக் கொண்டாட்டம். வீட்டில் தாயார் மகனுக்காகக் காத்திருக்கிறார். அவரும் அந்தக் கொண்டாட்டத்தில் சிரித்துத்தான் இருப்பார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அருண் ரத்தம் சிந்திய மண் இன்று நம்மிடம் இல்லை. 1972-ல் சிம்லாவில் இந்திராகாந்தியும் பூட்டோவும் ஒப்பந்தம் செய்தார்கள். அதன்படி ஷகர்கர் பகுதியில் நாம் பிடித்த நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஜர்பால் கிராமம் பாகிஸ்தானில் இருக்கிறது. அங்கே போய் ஒரு பூ வைக்கக்கூட வழியில்லை.

"அப்படியானால் அந்தப் பிள்ளை எதற்காகச் செத்தான்?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அருண் நிலம் பிடிக்கப் போகவில்லை. காஷ்மீர் ரஸ்தா துண்டாகாமல் காக்கவும், பின்னால் கிடந்த காலாட்படையைக் காக்கவும் நின்றார். இரண்டும் நடந்தன. அன்றைக்கு உயிர் பிழைத்த காலாட்படைச் சிப்பாய்கள் ஊர் திரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். திருப்பிக் கொடுக்க முடியாத லாபம் அது. எனக்குத் தோன்றும் பதில் இது.

"அவன் என் கையால் இறந்தான்"

இனி மறு பாதி.

தகப்பனார் கேத்தர்பால் பிறந்தது சர்கோதா என்ற ஊரில். 1947 பிரிவினையில் அது பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. 81 வயதில், சாவதற்குள் பிறந்த ஊரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று கிழவருக்கு ஆசை வந்தது. 2001-ம் ஆண்டு லாகூர் போனார். அங்கே ஒரு பாகிஸ்தான் பிரிகேடியர் அவரைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். பெயர் கவாஜா முகமது நாசர்.

உபசாரம் என்றால் அப்படி ஓர் உபசாரம். வீட்டில் இருந்தவர்கள், உறவினர்கள், வேலைக்காரர்கள் எல்லோரும் தாங்கித் தாங்கிக் கவனித்தார்கள். ஆனால் அவர்கள் எதையோ சொல்ல வந்து சொல்லாமல் விழுங்குவது போலக் கேத்தர்பாலுக்குப் பட்டது.

புறப்படுவதற்கு முந்தின இரவு நாசர் வாயைத் திறந்தார். பல வருஷமாக ஒன்றைச் சொல்ல நினைத்திருந்ததாகவும், எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்ததாகவும் ஆரம்பித்தார். 1971 டிசம்பர் 16-ந் தேதி காலை 13-வது லான்சர்ஸ் படையில் தான் மேஜராக இருந்ததைச் சொன்னார். அருணின் வீரத்தைப் புகழ்ந்தார். கடைசியில், "உங்கள் மகன் என் கையால்தான் இறந்தான்" என்பதையும் சொன்னார்.

அன்று டாங்கியில் இருந்து குதித்துத் தப்பியவர் அவர்தான்.

அந்தத் தகப்பனார் என்ன செய்திருக்க வேண்டும்? கத்தியிருக்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறியிருக்கலாம். யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். மகனைக் கொன்றவன் வீட்டில் மூன்று நாள் சாப்பிட்டிருக்கிறோமே என்று எந்தத் தகப்பனுக்கும் வயிறு எரியும்.

அவர் ஒன்றும் பேசவில்லையாம். தாமும் ஒரு சிப்பாய் என்பதால், எதிரில் நின்றவர் தம் கடமையைச் செய்தார் என்று எடுத்துக்கொண்டார். பிரியும்போது இருவரும் தழுவிக்கொண்டார்கள்.

"பகைவனை நல்லவனாகக் காட்டலாமா? அது நம் வீரனுக்குக் குறைவு அல்லவா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இன்னொரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். அருண் இறந்த மறுநாள், அதே ஜர்பாலில், பாகிஸ்தான் லெப்டினெண்டு கர்னல் அக்ரம் ராஜா தன் ஆட்களுக்கு முன்னால் பாய்ந்து வந்து குண்டுக்கு இரையானார். அவரை எதிர்த்து நின்ற நமது தளபதி வி.பி.ஏரி, "இவர் பெரிய வீரர்" என்று தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். பாகிஸ்தான் தன் நாட்டின் இரண்டாவது பெரிய வீர விருதை அக்ரம் ராஜாவுக்குக் கொடுத்தது. அந்தச் சண்டையில் ஆட்களைப் பலி கொடுத்த நமது தளபதிக்கே எதிரியைப் புகழ மனம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து சினிமா பார்க்கும் நமக்கு என்ன வந்தது?

அருணின் டாங்கியைப் பாகிஸ்தான்காரர்கள் கைப்பற்றினார்கள். பிறகு அது நமக்குத் திரும்பி வந்தது. "பாமகுஸ்தா" என்பது அந்த டாங்கியின் பெயர். சைப்ரஸ் தீவில் உள்ள ஒரு துறைமுகத்தின் பெயர் அது. எந்த ஊரில் அருண் வகுப்பைப் பாதியில் விட்டுப் போனாரோ, அந்த அகமத்நகரிலேயே அந்த டாங்கி இன்று நிற்கிறது. ஊரின் பெயர் 2024-ல் அகில்யாநகர் என்று மாறிவிட்டது.

கேத்தர்பால் டெல்லி திரும்பினார். சில நாளில் லாகூரில் இருந்து தபால் வந்தது. உள்ளே, இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோ இருந்தது. பின்பக்கத்தில் நாசர் எழுதியிருந்தார். தமது படையின் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே, நகர்த்த முடியாத பாறையாக நின்ற வீரனின் தகப்பனாருக்கு என்று எழுதி, தேதியையும் குறித்திருந்தார்: 16 டிசம்பர் 1971.